உங்களுக்குத் தெரியுமா? ஆயிரம் ரூபாய் டிஏசியும் ஐம்பதாயிரம் ரூபாய் டிஏசியும்

◆ கீழ்பென்னாத்தூரில் ஒரு சாதாரண வீட்டில் எத்தனை டிஏசி இருக்கும்? கைபேசியில் ஒன்று, டி.வி.யில் ஒன்று, கேபிள் செட்டாப் பாக்ஸில் ஒன்று, பிள்ளைகளின் புளூடூத் இயர்பட்ஸில் காதுக்கு ஒன்று. திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிறவரின் ஆம்ப்ளிஃபையரில் பென்டிரைவ் சொருகும் துளைக்குப் பின்னாலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எண்களாகச் சேமித்து வைத்த பாட்டை மின்னலையாக மாற்றித் தரும் சில்லுதான் டிஏசி. மற்ற கருவிகளுக்குள் இருக்கும்வரை அதை யாரும் கவனிப்பதில்லை. தனிப் பெட்டியாக அலமாரியில் வந்து உட்காரும்போதுதான் அதன் விலை ஆயிரத்தில் தொடங்கி லட்சங்களுக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில் எவ்வளவு காதுக்கு எட்டுகிறது என்று பார்ப்போம்.

◆ சிடியில் ஒரு நொடி இசைக்கு 44,100 அளவீடுகள், அதுவும் இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக. மூன்று நிமிடப் பாட்டு ஒன்றில் 1 கோடியே 58 லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒன்று. 16 பிட் என்பதன் பொருள் அதுதான். இத்தனையையும் பிசகாமல், நேரம் தவறாமல் மின்னழுத்தமாக மாற்றுவது ஒரு காலத்தில் பெரிய வித்தையாக இருந்தது. இன்று அதைச் செய்யும் சில்லு மிளகைவிடச் சிறியதாகவும் கிடைக்கிறது.

◆ அது ஏன் 44,100? 45,000 என்று முழுசாக வைத்திருக்கலாமே? காரணம் வீடியோ டேப். டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க 1970களின் இறுதியில் கைவசம் இருந்த வசதியான பொருள் வீடியோ ரெக்கார்டர்தான். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கிய பால் (PAL) வீடியோ முறைக்கு நொடிக்கு 50 புலம் (பாதிப் படம்) × புலத்துக்கு 294 வரி × வரிக்கு 3 அளவீடு. அமெரிக்க, ஜப்பானிய முறைக்கு 60 × 245 × 3. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், விடை ஒன்றே.

◆ 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் சிடி பிளேயர், சோனியின் சிடிபி-101. விலை 1,68,000 யென். அதற்குள் இருந்தது ஒரே ஒரு டிஏசி! இடதுக்கு ஒரு முறை, வலதுக்கு ஒரு முறை என்று மாறி மாறி வேலை செய்தது. அதனால் ஒரு பக்க ஒலி மறுபக்கத்தைவிட நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு சுமாருக்குத் தாமதமாக வந்தது. ஒரு ஸ்பீக்கரை நான்கு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைத்தால் எவ்வளவு தாமதமோ அவ்வளவு. இதைப் பெரிய குறையாக எழுதியவர்கள் உண்டு. நாற்காலியில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே இதைவிட அதிக வித்தியாசம் வந்துவிடும் என்பதை எழுதியவர்கள் குறைவு.

அதே சமயத்தில் பிலிப்ஸ் வேறொரு வேலை செய்தது. சிடி 16 பிட் என்று முடிவானபோது பிலிப்ஸின் கையில் இருந்தது டிடிஏ1540 என்ற 14 பிட் சில்லு. தூக்கிப் போடவில்லை. 44,100 அளவீடுகளை நான்கு மடங்காக்கி 1,76,400 ஆகப் பெருக்கி, அந்த வேகத்தில் சில்லை ஓட்டி, இரைச்சலைக் காது எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டு, 14 பிட் சில்லிலிருந்தே 16 பிட் தரத்தைக் கறந்தார்கள். பிட் கணக்கில் குறைந்த அந்தப் பிளேயர்களின் ஒலி மென்மையானது என்று பேர் வாங்கியது. இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் மேல் அச்சடித்த பிட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கக்கூடாது என்பதற்கு முதல் வருடத்திலேயே அத்தாட்சி கிடைத்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் விளம்பரங்கள் '32 பிட்' என்றுதான் கத்துகின்றன.

◆ டிஜிட்டல் ஒலி படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கும், அனலாக் மட்டும்தான் வழவழப்பு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். வழக்கமான டிஏசியிலிருந்து வெளியே வருவது படிக்கட்டு அல்ல. ஒரு கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றின் வழியே ஒரே ஒரு வட்டம்தான் வரைய முடியும் என்று பள்ளியில் படித்திருப்போம். இதுவும் அந்த மாதிரி ஒரு கணக்கு: அளவீட்டு வேகத்தின் பாதிக்குக் கீழே உள்ள அலைகள் மட்டும் என்று நிபந்தனை வைத்தால், அந்தப் புள்ளிகள் வழியே போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். 1928இல் நைக்விஸ்ட், 1933இல் ரஷ்யாவின் கோடெல்னிகோவ், 1949இல் ஷானன் என்று பலர் தொட்டு உறுதியான தேற்றம் இது. மோன்டி மான்ட்கோமரி என்ற பொறியாளர் 2013இல் ஒரு பழைய அனலாக் ஆசிலோஸ்கோப்பை வைத்து இதை வீடியோவாகவே காட்டினார். படிக்கட்டு எங்கும் தெரியவில்லை.

◆ 16 பிட்டின் ஒலி வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். 24 பிட்டுக்கு ஏட்டில் 144. ஆனால் சந்தையில் உள்ள மிகச் சிறந்த பெட்டிகளும் 120, 130க்குள் நின்றுவிடுகின்றன. மின்தடைகளுக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் துள்ளும் இரைச்சலே அதற்குமேல் விடாது.

இப்போது நம்மூர்க் கணக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் இருக்க வேண்டிய உச்ச அளவு 45 டெசிபல். மின்விசிறி ஓடும் அறையில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். 45க்கு மேல் 96 டெசிபல் என்றால் 141. காது வலிக்கும் எல்லையைத் தாண்டிவிடும். சாதாரண சிடியின் வீச்சையே நம் வீட்டில் முழுசாகப் பயன்படுத்த வழியில்லை. விசிறியை நிறுத்திவிட்டு, சித்திரை மாதத்தில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு 24 பிட் கேட்க விரும்புகிறவர்களை நான் தடுக்கவில்லை.

◆ உயர்தர ஒலிக்கும் சிடி தரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்குமா? அமெரிக்காவின் மேயர், மோரன் இருவரும் 2007இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தர வட்டு ஒலியை ஒரு முறை நேராகவும், ஒரு முறை நடுவே சிடி தரத்துக்கு இறக்கி மீண்டும் அனலாக் ஆக்கியும் கேட்க வைத்தார்கள். எது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. 60 பேர், 554 முயற்சிகள். சரியான விடை 276. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறத்தாழ இதே எண்தான் கிடைத்திருக்கும்.

எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் உண்டு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 2016இல் இத்தகைய 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார். மொத்தத்தில் சரியான விடை 52.3 சதவீதம். பயிற்சி கொடுக்கப்பட்டவர்களிடம் இது 60 சதவீத அளவுக்கு உயர்ந்தது. ஆக, ஏதோ ஒன்று மிக லேசாக இருக்கிறது. 'இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்' என்று விற்பனையாளர் சொல்வதற்கும் 52.3 என்ற எண்ணுக்கும் நடுவே நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

◆ கடையில் இரண்டு டிஏசியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது விலை கூடியது எப்போதும் ஜெயிப்பது எப்படி? பெரும்பாலும் சத்தத்தால்தான். சிடி பிளேயர் காலத்திலிருந்து வழக்கம், முழுச் சத்தத்தில் 2 வோல்ட் வெளியீடு. ஒரு பெட்டி 2 வோல்ட், மற்றது இரண்டேகால் வோல்ட் தந்தால் ஒரு டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். அது 'சத்தம் கூட' என்று காதுக்குத் தெரியாது; 'தெளிவாக இருக்கிறது', 'உயிரோட்டமாக இருக்கிறது', 'பாடகர் முன்னால் வந்து நிற்கிறார்' என்றுதான் தெரியும். சந்தையில் சத்தமாகக் கூவுகிறவனின் கத்தரிக்காய் பசுமையாகத் தெரிகிறதே, அதே கதை.

முறையாக ஒப்பிட ஆய்வகம் எதுவும் வேண்டாம். எலெக்ட்ரீஷியனிடம் ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்குங்கள். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு டிஏசிக்கும் ஒரே அளவு வரும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். (மலிவான மீட்டர்கள் கரண்டு கம்பியின் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் நம்பகமாகக் காட்டும். ஆயிரம் ஹெர்ட்ஸில் சில மீட்டர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.) 0.1 டெசிபலுக்குள் பொருந்த வேண்டும், அதாவது வோல்ட்டில் சுமார் ஒரு சதவீதம். பிறகு திரைக்குப் பின்னால் வேறொருவர் நாணயம் சுண்டிப் பார்த்து மாற்றட்டும். நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள். 16க்கு 12 சரியாகச் சொன்னால், வெறும் குருட்டதிர்ஷ்டத்தில் அத்தனையோ அதற்கு மேலோ வர நூற்றில் நான்கு பங்குதான் வாய்ப்பு. உங்கள் காதை நம்பலாம். 16க்கு 9 வந்தால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்துடன் வீட்டுக்குப் போகலாம். மாற்றுகிறவர் முகத்தைப் பார்க்காமல் உட்காருவது முக்கியம். வீட்டுக்காரம்மாவை மாற்றச் சொன்னால் இரட்டிப்பு முக்கியம். அவருக்கு விலை தெரியும்.

◆ சரி, எந்தப் பாட்டைப் போட்டு ஒப்பிடுவது? கடைக்காரர்கள் கையில் எப்போதும் ஒரு ஆங்கிலப் பெண் குரல், ஒரு ஜாஸ் பியானோ. நாம் நேரில் கேட்டுப் பழகாத ஒலி சரியாக வருகிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? இது தெருக்கூத்து பூமி. கூத்துக்குப் பேர்போன புரிசை, கீழ்பென்னாத்தூர் இருக்கும் இதே மாவட்டத்து ஊர்தான். முகவீணையும் மத்தளமும் தாளமும் பத்தடி தூரத்தில் எப்படி ஒலிக்கும் என்று இங்கே பிறந்து வளர்ந்தவர் காதுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகவீணையின் கூர்மை, தாளத்தின் வெண்கல நாதம் அடங்கும் விதம் இரண்டும் மோசமான கருவியை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் கடினமான சோதனை வேண்டுமென்றால் தம்புரா. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் இருக்கிறதே, அதனால் பிறக்கும் மேல்சுரங்களின் கூட்டம் பழைய பௌதிக விதிக்குள் அடங்காமல் திமிறுகிறது என்று 1921இலேயே எழுதியவர் சி. வி. ராமன். அதற்கு முந்தைய வருடம், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் மிருதங்கத்தைப் பற்றி எழுதினார். பெரும்பாலான தோல் கருவிகளில் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடக்கும்; மிருதங்கத்தின் வலது பக்கத்து நடுவில் அப்பும் கருஞ்சாந்து அவற்றைத் தந்தி வாத்தியம்போல ஒழுங்காக வரிசைப்படுத்திவிடுகிறது என்று கண்டு சொன்னார். நோபல் பரிசு வந்ததோ ஒளிச்சிதறல் ஆய்வுக்கு. தம்புராவும் மிருதங்கமும் உள்ள ஒரு கச்சேரிப் பதிவு போதும், எந்த டிஏசியையும் எடைபோட.

◆ உண்மையிலேயே கேட்கும் வித்தியாசம் உள்ள டிஏசிகளும் உண்டு. அளவீடுகளைப் பெருக்காமல் அப்படியே தரும் பழைய பாணிப் பெட்டிகளை 1990களில் ஜப்பானின் ரியோஹெய் குசுனோகி மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்தார். இவற்றில் வடிகட்டி வைக்காவிட்டால் 20,000 ஹெர்ட்ஸில் ஒலி 3.2 டெசிபல் குறைந்துவிடும். கணக்குப் போட்டால் வரும் எண் இது, அபிப்பிராயம் அல்ல. உச்ச ஸ்தாயி கொஞ்சம் மங்கும். அதைத்தான் விசிறிகள் 'இதமான ஒலி' என்கிறார்கள். பிடித்திருந்தால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஆம்ப்ளிஃபையரில் டிரெபிள் திருகைச் சற்றுக் குறைத்தால் ஏறக்குறைய அதே இதம் இலவசமாகக் கிடைக்கும். நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் காதில் விழாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன், கோபம் வேண்டாம்.

◆ ஆப்பிள் விற்கும் ஹெட்போன் இணைப்பு வால், ஒரு சாண் நீளம்கூட இல்லை, ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. அதன் நுனிக்குள் இருப்பது முழு டிஏசி. அளந்து பார்த்தவர்களுக்கு இரைச்சலும் திரிபும் சேர்ந்து ஒலிக்கு ஏறத்தாழ 99 டெசிபல் கீழே இருந்தது. சிடிக்கு வேண்டிய அளவு அவ்வளவுதான். அமெரிக்க வகையின் வெளியீடு 1 வோல்ட், ஐரோப்பிய வகை அதில் பாதி. பெரிய ஹெட்போனுக்கு இது போதாது. அங்கே தனிப் பெட்டிக்கு நியாயமான வேலை இருக்கிறது. அந்த வேலையும் டிஏசியுடையது அல்ல, கூட உள்ள ஆம்ப்ளிஃபையருடையது.

◆ 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. உலகின் பாதி ஆடியோ கம்பெனிகள் தலையில் கைவைத்தன. 'ஏகேஎம் சில்லுக்கே உரிய வெல்வெட் ஒலி' என்று விளம்பரம் செய்த பெட்டிகள் பல, அடுத்த வருடம் போட்டி நிறுவனமான ஈஎஸ்எஸ்ஸின் சில்லுடன், கிட்டத்தட்ட அதே பெயரில், அதே தோற்றத்தில் வந்தன. வெல்வெட் எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் சொற்பம்.

◆ இந்தப் பக்கம் வீடுகளில் டிஏசி வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் ஒலி பாட்டாக இருக்காது. 'ம்ம்ம்' என்ற ஹம்மாகத்தான் இருக்கும். கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் சேர்ந்த முனகல் அது. மடிக்கணினியின் சார்ஜர் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபையர் இன்னொரு பிளக்கில். நடுவே யூஎஸ்பி கம்பி வழியாக இரண்டு எர்த்தும் கை கோத்துக்கொண்டு ஒரு வளையமாகிவிடுகின்றன. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் நின்றால் குற்றவாளி டிஏசி இல்லை.

இரண்டு முள் சார்ஜரில் உலோக மடிக்கணினியைத் தடவினால் சுருசுருவென்று லேசாக ஷாக் அடிக்கிறதே, அந்தக் கசிவும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. மருந்து இரண்டு. ஒன்று, யூஎஸ்பிக்குப் பதில் ஆப்டிகல் கேபிள். தோஷிபா 1983இல் கொண்டுவந்த இந்தக் கம்பியில் ஒளி மட்டுமே போகும். மின்சாரத்துக்கு வழியே கிடையாது, வளையமும் இல்லை. கம்பி ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டாவது, வீட்டு எர்த் குழி. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழி கோடையில் காய்ந்துபோனால் மண் மின்சாரத்தை வாங்காது. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார் பழைய எலெக்ட்ரீஷியன். வேர்க்கடலைக் காட்டுச் செம்மண்ணில் வீடு கட்டியிருப்பவர்கள் அவர் சொல்லைத் தட்டக்கூடாது. மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டால் ஹம் போகும் என்று சொல்கிறவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது உயிருக்கு ஆபத்து.

◆ 'ஒரே சிடியில் 150 பாட்டு' என்று பேருந்து நிலையக் கடைகளில் எம்பி3 வட்டுகள் தொங்கிய காலம் நினைவிருக்கிறதா? முழுச் சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். அந்த வட்டுகளில் பெரும்பாலும் 128. பதினொன்றில் ஒரு பங்கு. 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். அந்த வட்டிலிருந்து நகலெடுத்த பாட்டுகள்தான் இன்றும் பல பென்டிரைவ்களில் சுற்றுகின்றன. வெட்டி எறிந்ததை எந்த விலை டிஏசியும் திரும்பக் கொண்டுவராது.

இந்தச் சுருக்கும் வித்தையின் வேரில் இந்தியப் பெயர்கள் மூன்று. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, உடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ். 1974இல் மூவரும் வெளியிட்ட கணித முறையின் வழிவந்த ஒன்றுதான் எம்பி3க்குள் வேலை செய்கிறது. நம் கைபேசி எடுக்கும் ஜேபெக் படங்களுக்குள் இருப்பது அசல் முறையே.

◆ நாம் 'அப்படியே கேட்க வேண்டும்' என்று ஆசைப்படும் 1980களின் பாட்டுகளுக்குள்ளேயே டிஏசி இருக்கிறது! அந்தக் காலத்துச் சிந்தசைசர்களில் பேர் பெற்ற யமஹா டிஎக்ஸ்7, 1983இல் வந்தது. அதன் டிஏசி வெறும் 12 பிட். அதன் மணியோசையும் மின்பியானோவும் உலகத் திரையிசை முழுக்க ஒலித்தன. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்காக இளையராஜா கணினி சீக்குவென்சரைக் கையாண்டார். 1989இல் கோடம்பாக்கத்தில் ரஹ்மானின் பஞ்சதன் ஸ்டூடியோ எழுந்தது. 12 பிட்டில் பிறந்து அனலாக் டேப்பில் பதிவான ஒரு சுரத்தைக் கேட்க 32 பிட் பெட்டி வாங்குவது நம் இஷ்டம்.

◆ நல்ல டிஏசியின் திரிபு 0.001 சதவீதம் சுமார். நல்ல ஸ்பீக்கரே கீழ் ஸ்தாயியில் 1 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தொடும், ஆயிரம் மடங்கு. போதாததற்கு நம் வீடுகள் கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, பூசிய சுவர். கை தட்டினால் அறை திருப்பித் தட்டும். பத்தாயிரம் ரூபாய் கையில் இருந்தால் எட்டாயிரம் ஸ்பீக்கருக்கு, ஆயிரம் கனமான திரைச்சீலைக்கு, மிச்சம் டிஏசிக்கு என்பது என் பங்கீடு. அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் ஒருமுறை பாட்டுக் கேட்டுப் பாருங்கள். சாக்குகள் எதிரொலியை நன்றாகவே விழுங்கும். விலை ஏறட்டும் என்று மூட்டையை வைத்துக் காத்திருக்கும் மாதங்களில் இது உபரி லாபம்.

◆ புதிய டிஏசியைக் கைபேசியில் இணைத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் புளூடூத் இயர்பட்ஸைக் காதில் மாட்டிக்கொண்டால் ஒலி டிஏசி பக்கமே போகாது. கைபேசி பாட்டை இன்னொரு முறை சுருக்கிக் காற்றில் அனுப்பும். சோனியின் எல்டாக் முறையில் உச்சபட்சம் நொடிக்கு 990 கிலோபிட், சாதாரண முறைகளில் அதில் பாதிகூட இல்லை. எண்ணை ஒலியாக்குவது இயர்பட்ஸுக்குள் உள்ள சில்லு. மேஜைமேல் உள்ள ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் விளக்கு எரியும், அவ்வளவுதான்.